கெண்டை புரண்ட ஊர்

ஆனைமதகில் பிறந்து வளர்ந்த எவரும் இன்றைக்கும் தண்ணீரில் இறங்குமுன் முழங்காலுக்குக் கீழே ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்வார்கள். அது ஏதோ பழக்கதோஷம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும் என்று நாங்களும் விட்டுவிடுவோம். ஆனால் அந்தக் கோடையில் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் காலில் மீன் இருந்தது. இதை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் ஒழுங்காகச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் மீதிப் பாதி சைவம், அவர்கள் சொன்னால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

செண்பகவல்லி எங்கள் ரேஷன் கடையில் எடை போடுகிறவள். அவள் தராசில் அரிசி கூடவும் கூடாது, குறையவும் குறையாது, சிரித்துப் பேசினாலும் அதே எடை, சண்டை போட்டாலும் அதே எடை. அந்தக் கண்டிப்பைக் கடையோடு பூட்டிவிட்டு வராமல் வீட்டுக் கொல்லைக்கும் கொண்டுபோவாள். கொல்லையில் ஒரு குளம் இருந்தது. யாரும் வெட்டிய குளமில்லை. ஏதோ ஒரு வெள்ளத்தில் வாய்க்கால் கரையை உடைத்துக்கொண்டு வந்து, திரும்பிப் போகும்போது விட்டுவிட்டுப் போன பள்ளம். அதில் தானாக ஆம்பல் வந்தது, ஆம்பலைத் தேடித் தட்டான் வந்தது, தட்டானைத் தேடித் தவளை வந்தது, தவளையைத் தேடித் தண்ணீர்ப்பாம்பு வந்தது, கெண்டையும் விராலும் ஆமையும் எந்த வழியாக வந்தன என்று அவைகளுக்குத்தான் தெரியும். கணவர் போய், பிள்ளையும் இல்லாத அந்த வீட்டில் செண்பகவல்லிக்கு இந்தக் கூட்டம்தான் குடும்பம். ஆனால் கொஞ்சுகிற குடும்பம் இல்லை, அளந்து வைத்த குடும்பம். தவளை பெருத்து இரைச்சல் தாங்காமல் போனால் வேலியில் ஓர் ஓட்டையை அடைக்காமல் விடுவாள், பாம்பு வரும். பாம்பு மிஞ்சினால் கீரி வருகிற பக்கத்து முள்ளை ஒதுக்கிவைப்பாள். கெண்டை பெருகித் தண்ணீர் கலங்கினால் விரால் பார்த்துக்கொள்ளும். விரால் குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சுகள் கொட்டிய குங்குமம்போலச் சிவப்பாகத் தண்ணீர்மேல் திரியும்போது மாவு சலிக்கிற சல்லடையில் பாதியை அள்ளி வாய்க்காலில் விட்டுவிடுவாள். எதையும் அடிக்க மாட்டாள், எதற்கும் தீனி போட மாட்டாள், யார் பங்கும் யாருக்கும் போகாதபடி பார்த்துக்கொள்வாள்.

பக்கத்து மனை அவளுடைய கொழுந்தன் தியாகசுந்தரத்துக்கு. பாகம் பிரித்தபோது ரோட்டுப் பக்கம் அவருக்கு விழுந்தது, அதில் அவர் கல்யாண மண்டபம் கட்டினார், கட்டி முடித்த பிறகுதான் வருகிற கார்களை எங்கே நிறுத்துவது என்று யோசித்தார். யோசித்தபோதெல்லாம் அவர் கண் வேலியைத் தாண்டி அண்ணியின் குளத்தில் போய் விழுந்தது.

"அண்ணி, உங்க தவளை கத்துற கத்துல ஐயர் சொல்ற மந்திரம் மாப்பிள்ளைக்கே கேக்கல" என்று வேலியோரம் வந்து நிற்பார்.

"ஐயரைச் சத்தமாச் சொல்லச் சொல்லுங்க தம்பி."

"பந்தியில பாம்பு வந்துருச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க பாயசத்தோட எந்திரிச்சு ஓடுறாங்க. அந்தக் குட்டையைத் தூத்துக் குடுத்தீங்கன்னா உங்களுக்கும் ஒரு பங்கு வரும்ல?"

"அது குட்டை இல்ல, குளம். என் பங்குதான் அது. உங்க பங்குல நீங்க கல்யாணம் நடத்துங்க, என் பங்குல நான் தவளை வளர்த்துக்கிறேன்."

அந்த மாசி கடைசியில் செண்பகவல்லி கண்புரைக்கு அறுவை செய்துகொள்ளத் தஞ்சாவூர் போனாள். அவள் பஸ் ஏறிய கையோடு தியாகசுந்தரம் வேலியைப் பிரித்து டீசல் என்ஜினை இறக்கினார். தண்ணீர் வாய்க்காலுக்கு ஓட ஓட, குளத்தின் அடியில் கெண்டைகள் வெள்ளி வெள்ளியாகத் துள்ளின. எங்கள் ஊரில் குளம் இறைக்கிறார்கள் என்று கேட்டால் பாத்திரத்தோடு ஓடுவதுதான் வழக்கம், யார் குளம், யார் சொல்லி இறைக்கிறார்கள் என்றெல்லாம் விசாரிப்பது வழக்கமில்லை. "வாங்க வாங்க, அள்ளிக்கிட்டுப் போங்க, அண்ணிதான் குடுக்கச் சொன்னாங்க" என்று அவர் கரையில் நின்று உபசரித்தார். குடத்தில் அள்ளினார்கள், முந்தானையில் அள்ளினார்கள், ஸ்கூல் பையில் அள்ளினார்கள், டீக்கடை பக்கிரிசாமி பால் கேனைக் காலிசெய்துகொண்டு வந்து அள்ளினான். அன்று மத்தியானம் தெருவெல்லாம் புளியும் மல்லித்தூளும் கொதித்தது. விரால் மட்டும் பொதுவுக்குப் போகவில்லை. தொடை மொத்தத்துக்கு ஒரு சோடி விரால் கிடந்தது. ஒன்றைத் தியாகசுந்தரம் தனக்கென்று எடுத்துத் தானே ஒருவராகச் சாப்பிட்டார், மற்றதை மண்டபத்துக்கு அனுமதி தந்த அதிகாரி வீட்டுக்கு அனுப்பினார், அந்த அதிகாரி அடுத்த வாரமே மாற்றலாகி எந்த ஊருக்கோ போய்விட்டார். பிறகு லாரி லாரியாகச் செம்மண் வந்தது. தவளையும் பாம்பும் ஆமையும் ஆம்பல் கிழங்கும் அப்படியே அடியில் இருக்க, மேலே மண்ணைக் கொட்டி ரோலர் ஓட்டினார்கள்.

செண்பகவல்லி கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்து, புதிதாகத் தெளிந்த கண்ணால் முதலில் பார்த்தது அந்தச் செம்மண்ணைத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்தாள். ஓரிடத்தில் பாதத்துக்குக் கீழே ஆமை ஒன்று இன்னும் நகரப் பார்ப்பது காலுக்குத் தெரிந்தது, அங்கேயே உட்கார்ந்து கையால் தோண்டினாள், எடுப்பதற்குள் அசைவு நின்றுவிட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொன்னதை மறந்து, வாய்விட்டு அழுதாள். தெரு முழுக்கக் கேட்டது. மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விடுவாள் என்று எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தார்கள். அவள் விடவில்லை. முகம் கழுவிக்கொண்டு கடை திறக்கப் போனாள், அவ்வளவு ஆத்திரத்தை உள்ளே வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை அரிசி நிறுத்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

வரிசையில் வந்த ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"மீனு நல்லா இருந்துச்சா பக்கிரிசாமி?"

பக்கிரிசாமி பையை விரித்துப் பிடித்தபடி நெளிந்தான். "உங்க குளத்து மீனுன்னா கேக்கணுமாக்கா? நல்லாத்தான் இருந்துச்சு."

"இருக்கட்டும்" என்றாள்.

இருக்கட்டும் என்பது எங்கள் பக்கத்தில் கனமே இல்லாத ஒரு சொல். மன்னிப்புக் கேட்டாலும் இருக்கட்டும், காபி சாப்பிடுகிறீர்களா என்றாலும் இருக்கட்டும், மீதிச் சில்லறை இல்லையென்றாலும் இருக்கட்டும். எது இருக்கட்டும், எங்கே இருக்கட்டும் என்று யாரும் கேட்டதில்லை. பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டு அரிசியை வாங்கிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் அவள் கொழுந்தன் வீட்டுக்கே போனாள்.

"விரால் நல்லா இருந்துச்சா தம்பி?"

"அண்ணி, உங்க நல்லதுக்குத்தான் செஞ்சேன். கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வர்றீங்க, பாம்பும் பூச்சியுமா கொல்லை கெடந்தா..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"நல்லாத்தான் இருந்துச்சு."

"இருக்கட்டும்."

மறுநாள் காலை, படுக்கையில் காலை நீட்டிச் சோம்பல் முறித்தவர்களுக்கெல்லாம் கெண்டை புரண்டது. கெண்டை புரள்வது எல்லா ஊரிலும் உண்டு, சதை இழுத்துக்கொள்ளும், தேய்த்துவிட்டால் போய்விடும். இங்கே தேய்த்த கைக்கு வாலும் செதிலும் தட்டுப்பட்டது. எண்ணெய் தடவினால் வழுக்கிக்கொண்டு கணுக்கால் பக்கம் போனது, வெந்நீர் ஊற்றினால் தவித்தது, பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அமைதியாகப் படுத்துக்கொண்டது. பெரியவர்களுக்குப் பெரிய கெண்டை, பிள்ளைகளுக்குக் குஞ்சுக் கெண்டை, இரண்டு தட்டு சாப்பிட்டவர்களுக்கு இரண்டு காலிலும். எனக்கு வலது காலில் இருந்தது, சுமாரான அளவு. சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் அழுத்திப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார், சீட்டில் மீன் என்று எழுதி, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்பினார்.

ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. பக்கிரிசாமி பெஞ்சுக்கு அடியில் நீளமாக ஒரு தகரத்தொட்டி செய்து போட்டான், டீ குடிக்கிறவர்கள் காலைத் தொட்டியில் விட்டுக்கொண்டு அரசியல் பேசினார்கள். டவுன் பஸ்ஸில் வாளி வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தை நிறுத்திவிட்டு நீச்சலுக்கு மனுக் கொடுத்தார்கள். வயலில் நின்ற கொக்கெல்லாம் ஊருக்குள் வந்துவிட்டது, பஸ் ஸ்டாப்பில் ஆளுக்கொரு கொக்கு பக்கத்தில் நின்று கெண்டைக்காலையே பார்த்துக்கொண்டிருந்தது, மீன்கொத்திக்குப் பயந்து ஆண்பிள்ளைகள் கோடையிலும் காலுறை போட்டார்கள். பெண் கேட்டு வந்தவர்கள் ஜாதகத்தை வைத்துவிட்டு முதலில் பெண்ணின் காலில் ஈரத்துணியைப் போட்டுப் பார்த்தார்கள், தரகர் சைவ வீட்டு வரன்களுக்குத் தனிக் கவனிப்பு வாங்கினார், காலில் மீன் இல்லாதவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் வேண்டுமென்றே இரண்டு தடவை நடந்தார்கள். வாய்க்காலிலும் ஆற்றிலும் கோயில் குளத்திலும் காலை விட்டு மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்தாயிற்று. மீன்கள் தோலுக்கு வெளியே மூக்கை நீட்டும், தண்ணீரை ஒரு வாய் ருசி பார்க்கும், இது நம் குளம் இல்லை என்று திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

தியாகசுந்தரத்துக்கு மட்டும் புரளவில்லை. அவருக்குக் கால் மெலிந்தது. கெண்டைக்கென்று மனித உடம்பில் ஓர் இடம் உண்டு, விராலுக்குக் கிடையாது. அது எப்படிக் காலுக்கு வந்தது என்பதற்கு எங்கள் ஊர்த் தமிழாசிரியர்தான் விளக்கம் சொன்னார்: விரலுக்கு நடுவே ஒரு கால் போட்டால் விரால், ஆகவே அது கால்விரல் வழியாகப் புகுந்து காலுக்கு ஏறியிருக்கும். எந்த வழியாக வந்தாலும் விரால் தின்பது கெண்டையை. அவர் காலில் மீன் கெண்டை இல்லை, சதைக் கெண்டைதான் இருந்தது, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. சித்திரையில் வாழைமரம்போல இருந்த கால் வைகாசியில் முருங்கைக்குச்சியாயிற்று.

அதைவிடப் பெரிய தண்டனை ஒன்று இருந்தது. அவர் பக்கத்தில் வந்தால் மற்றவர்கள் காலில் இருந்த கெண்டைகள் விராலின் வாடை கண்டு மிரண்டன. அவர் டீக்கடைக்குள் நுழைந்தால் பெஞ்சு முழுக்கக் கால் இழுத்துக்கொண்டு விழுந்தது. மண்டபத்தில் கடைசியாக நடந்த முகூர்த்தத்தில் அவர் பன்னீர்ச் செம்போடு வரவேற்க வந்தார், நாதஸ்வரக்காரர் முதல் மாமன் முறைக்காரர்வரை வாசலிலேயே காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள், மாப்பிள்ளை நொண்டிக்கொண்டே தாலி கட்டினான். அதற்குப் பிறகு அந்த மண்டபத்தைக் கேட்டு யாரும் வரவில்லை. அவர் வருகிறார் என்றால் தெரு காலியாகும். கூடப்பிறந்த தங்கை ஜன்னல் வழியாகப் பேசினாள். மனைவி கோமளா அன்றைக்கு விரதம் இருந்ததால் தப்பித்தாள், அவள் ஒருத்திதான் அவருக்குப் பக்கத்தில் நின்று சோறு போட்டாள். செண்பகவல்லி கடைக்குப் போகும்போது இதையெல்லாம் பார்ப்பாள். பார்த்துச் சந்தோஷப்பட்டாள். அதை அவள் மறைக்கவும் இல்லை.

ஆனி பிறந்து தண்ணீர்ப் பஞ்சம் வந்ததும் காலிலிருந்த மீன்கள் துவள ஆரம்பித்தன, அவை துவண்டால் காலும் துவண்டது. ஊர் கூடிச் செண்பகவல்லி வீட்டு வாசலுக்குப் போனது. பக்கிரிசாமி முன்னால் நின்றான்.

"அக்கா, தப்புதான். உங்களக் கேக்காம அள்ளுனது தப்புதான். ஒரு வழி சொல்லுங்க. புள்ளைங்க நடக்க முடியாமக் கெடக்கு."

"என் ஆமையும் நடக்க முடியாமத்தான் கெடந்துச்சு" என்றாள் செண்பகவல்லி. பிறகு, பிள்ளைகள் முகத்தைப் பார்த்தாளோ என்னவோ, "மண்ணை எடுங்க. மெஷினு கூடாது. அள்ளுன கையாலயே எடுங்க" என்றாள்.

"எடுத்த மண்ணை எங்கக்கா கொட்டுறது?"

"மண்டபத்து வாசல்ல."

ஊரே மண் சுமந்தது. ரேஷன் கடை வரிசைபோலத் தெருவாரியாக முறை வைத்து, கூடையிலும் தாம்பாளத்திலும் சுமந்தது, ஒவ்வொரு கூடையும் மண்டப வாசலில் விழ விழ, கதவு மறைந்து, நிலை மறைந்து, மாவிலைத் தோரணம் கட்டுகிற ஆணியும் மறைந்தது. தியாகசுந்தரம் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், கீழே வந்து தடுக்கப் பார்த்தால் எல்லோருக்கும் கால் இழுத்துக்கொள்ளும், கூடை அவர் மேலேயே விழும். செண்பகவல்லி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பழைய பள்ளம் எங்கே ஆழம், எங்கே மேடு என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தாள். அடிமண் வந்ததும் ஆம்பல் கிழங்கு இன்னும் உயிரோடு இருந்தது. ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது, பழைய வழியிலேயே வந்து பள்ளத்தை நிரப்பியது. மேற்குத்தெரு முதலில் காலை விட்டது. கெண்டைகள் ஒவ்வொன்றாகத் தோலைப் பிரித்துக்கொண்டு, காயம் வைக்காமல் வெளியே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, தங்கள் இடத்துக்குப் போய்விட்டன. பிள்ளைகள் அழுதன, பழகிவிட்டிருந்ததால்.

ஆனால் அளந்து வைத்த குளத்தில் அளவில்லாமல் கெண்டை வந்து சேர்ந்தால் என்ன ஆகும். ஊர்க்காலில் வளர்ந்த கெண்டை, பசி அதிகம். வேரைக் கிளறியது, சேற்றைக் கலக்கியது, தலைப்பிரட்டைகளைத் தவளையாகவே விடவில்லை, ஆம்பல் இலை விரிக்குமுன் கடித்துத் தின்றது. தண்ணீர் மோர்க்குழம்பு நிறமாயிற்று. வலை போட்டுக் குறைக்கலாம் என்றால் அந்த மீனை ஊரில் ஒருவரும் தொட மாட்டார்கள். செண்பகவல்லி கரையில் நின்று பார்த்தாள், குளத்துக்கு விரால் வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, எந்த விரால் என்பதும் தெரிந்தது. வேலியோரம் போய், மாடியைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"தம்பி, கோமளாவைப் புடிச்சுக்கிட்டு மெதுவா இறங்கி வாங்க. உங்களுக்கும் வழி இருக்கு."

அவர் பின்வாசல் வழியாக, தடி ஊன்றிக்கொண்டு வந்தார். காலைத் தண்ணீரில் விட்டார். கணுக்கால் பக்கம் தோல் விலகி, விரால் தலையை நீட்டியது, ஒரு பாய்ச்சலில் கெண்டை ஒன்றைக் கவ்வியது, தின்றது, இன்னொன்றைத் தின்றது, சுற்றிப் பார்த்தது, தன் சோடியைக் காணாமல், திரும்பவும் அவர் காலுக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொண்டது. அன்றைக்கு அவர் சதையை அது தொடவில்லை. மறுநாள் அவர் வரவில்லை, அது தொட்டது. அதற்கடுத்த நாள் விடிந்ததும் வந்துவிட்டார்.

அன்று முதல் தினமும் வருகிறார். வெயிலிலும் வருகிறார், மழையிலும் வருகிறார், தீபாவளி அன்றைக்கும் எண்ணெய் வைத்த தலையோடு வந்து உட்கார்ந்தார். குளம் தெளிந்தது. ஆம்பல் பூத்தது, தட்டான் வந்தது, தவளைகள் வாய்க்காலிலிருந்து ஒவ்வொன்றாக ஏறி வந்து அவர் காதுக்குப் பக்கத்திலேயே இருந்து கத்தின, தண்ணீர்ப்பாம்பு அவர் தடியைச் சுற்றிக்கொண்டு வெயில் காய்ந்தது. கெண்டை கூடினால் செண்பகவல்லி அவரைச் சாயங்காலம்வரை உட்காரச் சொல்வாள், குறைந்தால் மத்தியானத்தோடு அனுப்பிவிடுவாள். குளத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. மண்டபத்து வாசல் மண்ணில் எருக்கு முளைத்து ஆள் உயரம் வந்துவிட்டது.

சந்தையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் உயிர் விரால் வரும். மீன்காரர் தொட்டியில் போட்டு வைத்திருப்பார், காற்றுக் குடிக்க மேலே வந்து வந்து போகும். அதில் ஒன்றை வாங்கிக் குளத்தில் விட்டால் இதற்குச் சோடி கிடைத்துவிடும், சோடி கிடைத்த விரால் குஞ்சைக் காத்துக்கொண்டு குளத்தோடு தங்கும், கால் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். இது மீன் தின்கிற ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பக்கிரிசாமிக்குத் தெரியும், தமிழாசிரியருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. அவரும் வெகுநாள் கேட்கவில்லை. அவள் சம்மதம் இல்லாமல் அந்தக் குளத்தில் எதுவும் தங்காது என்று அவருக்கும் தெரியும். தை பிறந்து, பனியில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் கேட்டார். நான் மண்ணெண்ணெய் டின்னைக் கொடுக்கப் போனவன் அங்கே நின்றிருந்தேன்.

"அண்ணி, சந்தையில விரால் வருதாமே."

"வருது தம்பி. நேத்துகூடப் பார்த்தேன். நல்ல கொழுத்த விரால்."

"ஒண்ணு வாங்கி விட்டீங்கன்னா, இது அதோட போயிடும். குளத்துக்கும் நல்லது. நான் எந்திரிச்சுப் போயிடுவேன்."

"போயிடுவீங்க" என்றாள் செண்பகவல்லி.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்கி விடுறீங்களா அண்ணி?"

"தொட்டிக்கு முன்னாடி வாராவாரம் போயி நிக்கிறேன் தம்பி. கைய விட்டுப் புடிச்சும் பார்க்கிறேன். அப்புறம் நெத்திலி வாங்கிக்கிட்டு வந்துடுறேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன், பனியில் சரியாகத் தெரியவில்லை. செண்பகவல்லி குனிந்து, தண்ணீருக்கு மேலே வந்துவிட்டிருந்த அவர் காலைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தாள்.

"மேகமா இருக்கு" என்றாள். "மீன் மேல வரும். அசையாம உக்காருங்க."